பல் முளைக்கிற பிள்ளைக்குப் பருத்தி பிப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் கழுத்துத் துணி, வாநீர்த் துணி என்று சொல்வதைக் கடையில் பிப் என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். நெல்லை வெயிலுக்கும் காற்றுக்கும் தண்ணீருக்கும் எது ஒத்துவரும், எது ஒத்துவராது என்பதை வைத்தே கீழே உள்ள பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. இந்த ஊருக்கு ஒரு தடித்த பிப்பை நாள் முழுக்கக் கட்டிவைப்பதைவிட, பத்து மெல்லிய பிப்புகளை நனைய நனைய மாற்றுவதே நல்லது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

பிள்ளைக்கு மூணு மாசம்தான் ஆகுது. அதுக்குள்ள வாணி (வாநீர்) ஊத்துதே, பல் வரப்போகுதா?

பெரும்பாலும் இல்லை. இரண்டு, மூன்று மாதத்தில் உமிழ்நீர்ச் சுரப்பிகள் நன்றாக வேலை செய்யத் தொடங்கிவிடும். ஊறுகிற நீரைச் சேர்த்து விழுங்கப் பிள்ளைக்கு அப்போது தெரியாது. கையை வாய்க்குள் விடுகிற வயதும் அதுதான். அதனால் வெளியே வழிகிறது.

கீழ் முன்பற்கள் இரண்டும் பொதுவாக 6 முதல் 10 மாதத்துக்குள் வரும், மேல் முன்பற்கள் 8 முதல் 12 மாதத்துக்குள். 13 மாதத்துக்கு மேல் கடைவாய்ப் பல் வரும்போது வாநீர் மறுபடி கூடும். இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. முன்பல் வந்ததும் பிப்பையெல்லாம் தூக்கிக் கொடுத்துவிட்டு, ஒன்றே கால் வயதில் திரும்ப வாங்குவார்கள். ஒன்றரை வயது வரைக்கும் கைவசம் இருக்கட்டும்.

எத்தனை வாங்கணும்?

லேசாக வழிகிற பிள்ளைக்கு நாளைக்கு 4 முதல் 6 வரை ஆகும். நிறைய வழிந்தால் 8, 10 கூட ஆகும். தினமும் துவைக்கிற வீட்டுக்கு 10 முதல் 12 பிப் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துணி ஒரு நாளில் காயாது, அப்போது 15 இருந்தால் நிம்மதி.

ஒரே நாளில் பன்னிரண்டையும் வாங்க வேண்டாம். முதலில் இரண்டு வகையில் மூன்று மூன்று எடுத்து, ஒரு வாரம் கட்டி, நாலைந்து தடவை துவைத்துப் பாருங்கள். கடையில் பட்டுப்போல் இருந்த துணி மூன்றாம் துவைப்பில் சொரசொரப்பாவது உண்டு.

பருத்தியிலேயே பல வகை இருக்கே, எதை எடுக்க?

நெய்த மல் துணி, பனியன் துணி, பூந்துவாலைத் துணி, பாப்ளின் ஆகிய நான்கும் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும்.

எங்கள் முதல் தேர்வு மல் துணிதான். ஒற்றையாக இருந்தால் பத்து நிமிடத்தில் நனைந்து மார்புக்கு இறங்கிவிடும். நான்கு அடுக்கு, ஆறு அடுக்கு வைத்துத் தைத்ததை எடுங்கள். அடுக்குகளுக்கு இடையில் காற்று நிற்பதால் நீரைச் சட்டென்று வாங்கிக்கொள்ளும், கழுத்தும் புழுங்காது. கொடியில் போட்டால் சித்திரை வெயிலில் அரை மணி நேரத்துக்குள் காய்ந்துவிடும். சுருக்கம் விழுவது அதன் இயல்பு, அதற்காக ஒதுக்க வேண்டாம். இதன் குறை, நெசவு தளர்வாக இருப்பதால் பல் வந்த பிள்ளை மூலையைக் கடித்து இழுத்தால் நூல் நகர்ந்து ஓட்டை விழும்.

பனியன் துணி திருப்பூரிலிருந்து வருவது. மிருதுவாக இருக்கும், இழுத்தால் கொடுக்கும். ஒற்றை அடுக்கில் ஓரம் சுருண்டுகொள்ளும், ஈரமும் உடனே அடுத்த பக்கத்துக்கு வந்துவிடும். இரண்டு அடுக்காவது வேண்டும்.

பூந்துவாலைத் துணி அதிக நீரைக் குடிக்கும், ஆனால் காய நேரம் எடுக்கும். அதன் வளையங்களில் பிள்ளையின் நகம் மாட்டும். உப்புத் தண்ணீரில் துவைத்தால் இந்தத் துணிதான் முதலில் விறைக்கும். மார்கழிக் குளிருக்கும் இரவுப் பயணத்துக்கும் இரண்டு வைத்துக்கொள்ளலாம்.

பாப்ளின் பிப் பார்க்க அழகு. நெசவு நெருக்கம் என்பதால் வாநீர் உள்ளே போகாமல் மேலேயே ஓடிக் கழுத்து மடிப்புக்குள் இறங்கும். போட்டோ எடுக்கிற நாளுக்குக் கட்டலாம்.

அட்டையில் காட்டன் என்று போட்டிருக்கிறது. நம்பலாமா?

முழு வாசகத்தையும் படியுங்கள். ‘100% காட்டன்’ என்பது வேறு, ‘காட்டன் ரிச்’ என்பது வேறு. இரண்டாவதில் பாலியஸ்டர் கலந்திருக்கும். சில பிப்புகளில் முன்பக்கம் மட்டும் பருத்தி, பின்பக்கம் கம்பளிபோல் மெத்தென்ற பிளீஸ் துணி இருக்கும். அது பெரும்பாலும் பாலியஸ்டர். நீரைக் குடிக்காது, சூட்டை வெளியே விடாது.

கடையிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரு மூலையைக் கைக்குள் கசக்கிப் பத்து விநாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். பருத்தி என்றால் சுருக்கம் அப்படியே நிற்கும். பாலியஸ்டர் கலந்தது விரிந்துகொள்ளும். பனியன் துணிக்கு இந்தச் சோதனை சரியாக வராது. வீட்டுக்கு வந்தபின் தையல் ஓரத்தில் நாலு நூல் உருவி, பிள்ளை இல்லாத இடத்தில் இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாக இறுகும்.

துணியில் கேடான ரசாயனம் இருக்கிறதா என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் 100 சான்று போட்டிருந்தால் அதில் முதல் வகுப்பு என்று இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று வயது வரைக்குமான குழந்தைத் துணிக்கு உரிய வகுப்பு அதுதான்.

பின்னாடி பிளாஸ்டிக் ஒட்டினது இருக்கே, உடுப்பு நனையாதே?

உடுப்பு நனையாது என்பது உண்மைதான். வியர்வையும் வெளியே போகாது. இங்கே பங்குனி பிறந்ததுமே கழுத்தில் வேர்க்குரு வர இது ஒரு காரணம். மேலே ஈரம், கீழே வியர்வை, நடுவில் பிள்ளையின் தோல். ஏ.சி. அறையிலோ, சட்டை நனையக்கூடாத ஒரு மணி நேர விசேஷத்திலோ கட்டிவிட்டு அவிழ்த்துவிடுங்கள். அன்றாடத்துக்கு வேண்டாம்.

இன்னொன்று, இந்தப் பிளாஸ்டிக் பூச்சு கொதிநீரையும் இஸ்திரிப் பெட்டியையும் தாங்காது. சில மாதத்தில் உரியும். உரிந்த துணுக்கு பிள்ளையின் வாய்க்குள் போகும்.

முக்கோணமா, வட்டமா? அளவு எப்படிப் பார்ப்பது?

பிள்ளையின் கழுத்தைப் பாருங்கள். கழுத்து தெரிகிற ஒல்லிப் பிள்ளைக்கு முக்கோண பிப் நன்றாக உட்காரும், தாடைக்குக் கீழேயே நீரைப் பிடித்துவிடும். கழுத்து தெரியாமல் இரண்டு மூன்று மடிப்பு விழுகிற கொழுக்மொழுக் பிள்ளைக்கு அதே முக்கோணம் மடிப்புக்குள் சொருகிக்கொண்டு ஈரத்தை அங்கேயே வைத்திருக்கும். அவர்களுக்குக் கழுத்து சற்று இறக்கமாக வெட்டிய வட்ட பிப் எடுங்கள்.

ஆறு மாதப் பிள்ளையின் கழுத்துச் சுற்றளவு 24 செ.மீ. அளவில் இருக்கும். அதோடு 3 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நிலையில் மாட்டும்படி, 27 செ.மீ.க்கும் 30 செ.மீ.க்கும் இடம் இருந்தால் ஒரு வயது தாண்டியும் ஓடும். வட்ட பிப் என்றால் அகலம் 20 முதல் 22 செ.மீ., கழுத்திலிருந்து கீழே 16 முதல் 18 செ.மீ. போதும். அதைவிட நீளமானால் தவழும்போது முழங்காலில் மிதிபடும்.

மாட்டியபின் பிடரிப் பக்கம் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நான்கு விரல் போனால் தளர்வு. பிள்ளை பிப்பை மேலே தள்ளி மூக்கை மூடிக்கொள்ளும்.

ஒட்டுப்பட்டையா, பட்டனா, நாடாவா?

பிரஸ் பட்டன். ஒட்டுப்பட்டையின் (வெல்க்ரோ) முள் பக்கம் பிடரித் தோலைக் கீறும், நூலும் முடியும் சேர்ந்து சில மாதத்தில் ஒட்டாமல் போகும், வாஷிங் மெஷினில் மல் துணியை இழுத்துக் கிழிக்கும். ஒன்பது மாதப் பிள்ளை ஒரே இழுப்பில் பிய்த்து எறிந்துவிடும். ஏற்கெனவே வாங்கியிருந்தால், துவைக்கப் போடும்முன் ஒட்டியே போடுங்கள்.

பட்டனைக் கடையிலேயே பத்து தடவை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். சுற்றித் துணி சுருங்கி இழுத்தால், உள்ளே தாங்குதுணி வைக்காமல் அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒருநாள் பட்டன் கையோடு வரும், பிறகு அது வாய்க்குத்தான் போகும். உலோகப் பட்டன் என்றால் தோலில் படும் பக்கம் துணி மூடியிருக்க வேண்டும். வியர்வையில் நிக்கல் சில பிள்ளைகளுக்குத் தடிப்பைக் கொடுக்கும்.

நாடா வேண்டாம். முடிச்சு இறுகினால் அவசரத்துக்கு அவிழ்க்க வராது. ஊக்கு எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம்.

படம் போட்டது, பூ வேலை செய்தது?

ரப்பர்போல் ஒட்டுகிற படம் பெரும்பாலும் பிப்பின் நடு மார்பில் இருக்கும். வாநீர் விழுவதும் சரியாக அங்கேதான். அந்த இடம் ஒரு சொட்டுகூடக் குடிக்காது. பூ வேலை என்றால் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், காகிதம்போல் விறைப்பாக ஒரு தாள் வைத்துத் தைத்திருப்பார்கள். மணி, குஞ்சம், சம்கி வைத்ததை எடுக்கவே வேண்டாம்.

நிறத்தில் வெளிர்தான் நல்லது. அடர் சிவப்பும் நீலமும் வேண்டுமென்றால் வெள்ளைத் துணியை நனைத்து அதில் இருபது தடவை தேயுங்கள். சாயம் ஏறினால் வைத்துவிடுங்கள். பிள்ளை அதைச் சப்பப் போகிறது.

பழைய வேட்டியைக் கிழிச்சுக் கட்டுனாலே போதும்னு ஆச்சி சொல்லுதாங்க. சரிதானா?

ஆச்சி சொல்வது சரி. நூறு தடவை துவைத்த வேட்டியிலும் வீரவநல்லூர்க் கைத்தறி நூல் சேலையிலும் கஞ்சியும் இருக்காது, ஒட்டும் சாயமும் இருக்காது. புதுத்துணி எதுவும் அந்த மென்மைக்கு ஈடாகாது. ஆனால் கிழித்து அப்படியே கட்டினால் ஓரத்து நூல் பிரியும். பிரிந்த நூல் பிள்ளையின் விரலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். தைத்துத்தான் கட்ட வேண்டும். முடிச்சுக்குப் பதில் பட்டன் வைக்க வேண்டும்.

நாலு முழ வேட்டி ஏறத்தாழ 2 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம். கரையை வெட்டி எடுத்துவிட்டு 30 செ.மீ. சதுரங்களாக வெட்டினால் 18 வரும். நைந்த இடத்தைக் கழித்தாலும் 12 தேறும். ஒரு சதுரத்தைக் குறுக்காக வெட்டினால் இரண்டு முக்கோணம், அது ஒரு பிப்புக்கு முன்னும் பின்னும். வேட்டி மெல்லிசு என்பதால் நடுவில் ஒரு முக்கோணம் பழைய ஈரிழைத் துண்டிலிருந்து வெட்டி வையுங்கள். குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும்போது தோளில் போட்டுப் போகிற துண்டுதான்.

தைக்கும் முறை இது. வேட்டி, துண்டு இரண்டையும் வெந்நீரில் அலசிக் காயவைத்து, அதன்பிறகு வெட்டுங்கள். வேட்டி முக்கோணங்களின் நல்ல பக்கம் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, மேலே துண்டுத் துணியை வையுங்கள். ஓரத்திலிருந்து 1 செ.மீ. உள்ளே சுற்றித் தையுங்கள், ஒரு குட்டைப் பக்கத்தில் 6 செ.மீ. வாய் விடுங்கள். மூன்று முனையிலும் தையலைத் தொடாமல் மூலையைக் கத்தரித்து, துண்டுத் துணியின் ஓரத்தை மட்டும் 3 மி.மீ. விட்டு நறுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் ஓரம் கயிறுபோல் தடித்துக் கழுத்தை உரசும். வாய் வழியாகத் திருப்பி, கரண்டிக் காம்பால் முனையைத் தள்ளி, இஸ்திரி போடுங்கள். ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி மேல்தையல் சுற்றிப் போட்டால் விட்ட வாயும் மூடிவிடும்.

மேல் ஓரம் இப்போது 37, 38 செ.மீ. இருக்கும். ஒரு முனையிலிருந்து 2 செ.மீ. உள்ளே ஒரு பட்டன். மறு முனையிலிருந்து 6 செ.மீ.யிலும் 9 செ.மீ.யிலும் அதன் ஜோடிகள். பட்டன் அடிக்கத் தெரியாவிட்டால் தையல்காரரிடம் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சுத்தியலால் தட்டி அரைகுறையாக ஏறிய பட்டன் பிடுங்கிக்கொண்டு வரும்.

காடா துணி எடுத்துத் தைத்தேன். நீரே இழுக்கவில்லை.

காடா துணி தறியிலிருந்து வந்தபடியே இருப்பது. பருத்தியின் இயற்கை மெழுகும், பாவுக்குப் போட்ட கஞ்சியும் அதில் அப்படியே நிற்கும். ஒரு சொட்டு நீர் விட்டால் முத்துப்போல் உருளும். சோப்புத்தூள் போட்ட நீரில் முக்கால் மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள். நீர் பழுப்பாக இறங்கும். இன்னொரு தடவை கொதிக்கவைத்தால் சொட்டு இரண்டு மூன்று விநாடியில் உள்ளே போகும். தைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. தைத்தபின் செய்தால் ஒவ்வொரு அடுக்கும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கிக் கோணும்.

கடையில் வாங்கிய புது பிப்பையும் துவைக்கணுமா?

இரண்டு தடவையாவது துவைக்க வேண்டும். விறைப்புக்காகப் போட்ட பூச்சு போக வேண்டும். சொட்டு நீர்ச் சோதனையை அதற்குப் பிறகு செய்யுங்கள். முன்பே செய்தால் நல்ல பருத்தியும் தோற்கும். முதல் துவைப்பில் நெய்த துணி 3 முதல் 5 சதவீதம் சுருங்குவது சாதாரணம், பனியன் துணி இன்னும் கூடச் சுருங்கலாம். அதனால் இறுக்கமான அளவை வாங்க வேண்டாம்.

தினசரி எப்படித் துவைப்பது?

கழற்றியதும் பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள். பால் பட்டிருந்தால் முதலில் வெந்நீர் கூடாது, புரதம் வெந்து கறை நிலைத்துவிடும். பிறகு வாசனை குறைந்த சோப்புத்தூள், மூன்று அலசல். வாயில் வைக்கிற துணி என்பதால் சோப்பு மிஞ்சக்கூடாது. மென்மை தருகிற திரவம் போடாதீர்கள். அது நூலின் மேல் எண்ணெய்ப் பூச்சுபோல் படிந்து நீர் குடிப்பதைக் கெடுக்கும். கிருமிநாசினி திரவம் தினமும் தேவையில்லை, வெயில் போதும். கஞ்சியும் நீலமும் வேண்டாம்.

ஆனி, ஆடியில் காற்று மண்ணை வாரிக்கொண்டு வரும் பணகுடி, கயத்தாறு பக்கங்களில் பிப்பை மொட்டைமாடியில் நாள் முழுக்க விடாதீர்கள். காய்ந்ததும் எடுத்து உதறுங்கள். நுண்மணல் ஒட்டிய துணி ஈரத்தோடு சேர்ந்து தோலைத் தேய்த்தெடுக்கும்.

எங்க ஊர்ல உப்புத் தண்ணிதான். ஒரு மாசத்துல துணி அட்டை மாதிரி ஆயிருது.

தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீட்டில் இந்தத் தொல்லை குறைவு. ராதாபுரம், திசையன்விளை பக்கத்து போர் தண்ணீரில் சுண்ணாம்பு உப்பு அதிகம். கட்டி சோப்பு அதோடு சேர்ந்து நுரைக்காமல் வெள்ளைப் பிசுக்காக மாறித் துணியில் படியும், அதுதான் விறைப்பு. கட்டி சோப்பை விட்டு, சோப்புத்தூள் கரைசலுக்கு மாறுங்கள். கடைசி அலசலில் அரை வாளித் தண்ணீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விடுங்கள். காய்ந்தால் வாசம் இருக்காது. பிளீச்சிங் பவுடர் போட்ட நீரில் வினிகர் விடவே கூடாது, நச்சு வாயு வரும். கூட்டுக் குடிநீர் வருகிற நாளில் கடைசி ஒரு அலசலை மட்டும் அதில் செய்தாலும் வித்தியாசம் தெரியும். காய்ந்த பிப்பை இரண்டு கையிலும் பிடித்துக் கசக்கிவிட்டால் பாதி விறைப்பு அப்போதே போகும்.

கறை?

மஞ்சள் கறையில் சோப்பு பட்டதும் சிவப்பாக மாறும், பயப்பட வேண்டாம். அலசி வெயிலில் போடுங்கள், மஞ்சள் வெயிலில் தானே வெளுக்கும். ஏத்தன்காய் (நேந்திரங்காய்)ப் பொடிக் கஞ்சியும் வாழைப்பழமும் வேறு மாதிரி. புதிதில் நிறமே தெரியாது, காய்ந்தபின் பழுப்பேறி நிற்கும். சாப்பாடு முடிந்த கையோடு அலசினால் மட்டுமே போகும். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் படிந்து நீர் குடிக்காமல் போன பிப்பைச் சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவையுங்கள்.

மழைக்காலத்தில் புளித்த வாடை அடிக்குது, கறுப்புப் புள்ளியும் விழுது.

வாடை வந்தால் ஒரு லிட்டர் வெந்நீருக்கு ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா கரைத்து அரை மணி ஊறவைத்துத் துவைக்கலாம். கறுப்புப் புள்ளி பூஞ்சணம். அது நூலுக்குள் இறங்கிவிட்டால் அந்த பிப்பைக் கழித்துவிடுங்கள். ஈர பிப்பை பிளாஸ்டிக் கவரில் கட்டிப் பையில் மறந்துவைப்பதுதான் அதற்கு முதல் காரணம். திருச்செந்தூர் போய்த் திரும்பும்போது ஈரத்துணிக்கு ஒரு துணிப்பை கொண்டுபோங்கள்.

அடைமழையில் காயவைக்க வழி இது. பிழிந்த பிப்புகளை உலர்ந்த துண்டில் பரப்பிச் சுருட்டி அழுத்துங்கள். பாதி ஈரம் துண்டுக்குப் போய்விடும். பிறகு மின்விசிறிக்குக் கீழே ஒன்றின்மேல் ஒன்று படாமல் தொங்கவிட்டு, கடைசியில் இரண்டு பக்கமும் இஸ்திரி போடுங்கள். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சி தட்டக்கூடாது. தட்டினால் இன்னும் ஈரம் இருக்கிறது.

எடுத்துவைக்கிற பெட்டியில் அந்துருண்டை போடலாமா?

கூடாது. இதை அழுத்திச் சொல்கிறோம். நாப்தலீன் உருண்டையோடு கிடந்த துணியை உடுத்திய பச்சைப் பிள்ளைகளுக்கு ரத்த சிவப்பணு உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாக வந்திருக்கிறது. ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம், அந்தக் குறைபாடு இருப்பது பல வீடுகளில் தெரியவே தெரியாது. பரணில் உருண்டையோடு இருந்த வேட்டியில் பிப் தைப்பதாக இருந்தாலும் முதலில் பல தடவை துவைத்து, சில நாள் வெயிலில் ஆறப்போட்டு, வாடை துளியும் இல்லை என்று உறுதியானபின் வெட்டுங்கள்.

பிப் கட்டியும் கழுத்து சிவந்து போச்சு. என்ன தப்பு?

பெரும்பாலும் பிப் நனைந்தபின்னும் கழுத்திலேயே இருந்திருக்கும். நனைந்த பிப், பிப்பே இல்லாததைவிடக் கெடுதல். ஈரத்தில் ஊறிய தோல் மெலிந்துபோகும், துணி உரச உரச மேல்தோல் உரியும். அரை மணிக்கு ஒருதடவை பிப்பின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். உள்பக்கம் ஈரமானால் மாற்ற வேண்டிய நேரம்.

செய்ய வேண்டியது: வெதுவெதுப்பான நீரில் நனைத்த மெல்லிய துணியால் தாடை, கழுத்து மடிப்பு இரண்டையும் ஒற்றித் துடையுங்கள். சோப்பு வேண்டாம். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்துத் தாடையை மெல்ல உயர்த்தினால் மடிப்பு விரியும். அதில் உலர்ந்த துணியை ஒற்றி எடுத்து, ஐந்து நிமிடம் காற்றாட விடுங்கள். பிறகு தாடையிலும் வாயைச் சுற்றியும் வாசனை சேர்க்காத பெட்ரோலியம் ஜெல்லி மெல்லிசாகத் தடவுங்கள். வாநீர் தோலில் படாமல் அது தடுக்கும். ஆழமான மடிப்புக்குள் கொழகொழவென்று பூச வேண்டாம், அங்கே உலர்வுதான் மருந்து.

பவுடர் போடாதீர்கள். ஈரத்தில் களியாகித் திரண்டு மடிப்பை இன்னும் அறுக்கும், தூள் மூச்சுக்குள்ளும் போகும். கழுத்தில் கறுப்புக் கயிறோ பாசிமணியோ கிடந்தால் கழற்றுங்கள். பிப்புக்குக் கீழே நனைந்த கயிறு காயவே காயாது, புண் கோடு போட்டதுபோல் வந்தால் காரணம் அதுதான். கழுத்து இறுகும் ஆபத்தும் இருக்கிறது.

மடிப்பில் பளபளவென்று சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள் சிதறி, வாடை அடித்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். தேன் நிறத்தில் பொருக்கு கட்டினால் பாக்டீரியா. இரண்டுக்கும் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் உலர்வாக வைத்தும் குறையாத சிவப்புக்கும் அப்படியே. வீட்டில் கிடக்கும் ஏதோ ஒரு களிம்பை எடுத்துப் பூச வேண்டாம், அவற்றில் பல ஸ்டீராய்டு கலந்தவை.

தொட்டிலில் போடும்போதும் கட்டியிருக்கலாமா?

கூடாது. சேலைத் தொட்டிலோ கட்டிலோ, உறக்கத்துக்குப் போகும் முன் பிப் கழுத்தைவிட்டு வெளியே வர வேண்டும். தூக்கத்தில் மேலேறி மூக்கையும் வாயையும் மூடலாம், முறுக்கிக் கழுத்தை இறுக்கலாம். தொட்டிலுக்குள் என்ன நடக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. தோளிலேயே தூங்கிவிட்ட பிள்ளையைப் படுக்கவைக்கும்போதுதான் மறப்பு வரும். பஸ்ஸிலும் காரிலும் அப்படித்தான். பிரஸ் பட்டனை நாங்கள் வலியுறுத்துவதற்கு இன்னொரு காரணமும் இதுதான், பிள்ளையை எழுப்பாமல் ஒரு கையால் அவிழ்க்கலாம்.

பிப் மூலையைத்தான் கடிச்சுக்கிட்டே இருக்கு. விடலாமா?

சுத்தமாக இருந்தால் விடலாம். ஈறு ஊறல் எடுக்கும்போது, தனியே ஒரு மல் துணியின் மூலையைக் கொதித்து ஆறிய நீரில் நனைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் பதினைந்து நிமிடம் வைத்துக் கடிக்கக் கொடுங்கள். உறைபெட்டியில் வைக்க வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள், நூல் பிரிந்ததைக் கொடுக்காதீர்கள். பென்சோகெய்ன் உள்ள ஈறு ஜெல் இரண்டு வயதுக்குள் ஆகாது. ஒரு வயதுக்குள் தேன் நாக்கில்கூட வேண்டாம்.

மொட்டை போட, காது குத்தக் கூட்டிட்டுப் போறோம். பிப் எப்படி?

மொட்டைக்கு முன் பிப்பைக் கழற்றிவிடுங்கள். கத்தரித்த முடி மல் துணிக்குள் ஏறினால் ஒரு துவைப்பில் போகாது, ஊசிபோல் கழுத்தைக் குத்தும். குளிப்பாட்டி, சந்தனம் பூசி முடித்தபின் புதியது கட்டுங்கள். காது குத்திய பிறகு இரண்டு வாரமாவது பின்பக்கம் மாட்டுகிற பிப்பையே கட்டுங்கள். தலைவழியாகப் போட்டுக் கழற்றுகிற வகை புதுத் தோட்டில் மாட்டி இழுத்துவிடும்.

சோறு ஊட்டவும் இதே பிப் போதுமா?

வேண்டாம். வாநீர் பிப் நீரைக் குடிக்க வேண்டும், ஊட்டும் பிப் எதையும் குடிக்காமல் தாங்க வேண்டும். கேப்பைக்கூழை மல் துணியில் வாங்கினால் அந்தத் துணி பாழ். ஊட்டுவதற்கு கீழே பை வைத்த சிலிக்கான் பிப் ஒன்று வாங்கி, ஊட்டி முடித்ததும் கழற்றிக் கழுவி வைத்துவிடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் ஓடணும்?

பல் முளைப்பதால் உடம்பு லேசாகச் சுடலாம். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும் போனால் அதைப் பல்லின் கணக்கில் எழுதாதீர்கள், மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளை என்றால் அன்றைக்கே காட்டுங்கள். வயிற்றுப்போக்கும் பல்லால் வருவதில்லை.

வழக்கமில்லாமல் திடீரென்று வாநீர் கொட்டி, பிள்ளை பால் விழுங்க மறுத்து, மூச்சில் சத்தமோ திணறலோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்க வேண்டாம். தொண்டையில் ஏதாவது சிக்கியிருக்கலாம், தொண்டை வீங்கியிருக்கலாம். பொம்மையிலோ ரிமோட்டிலோ இருந்த பொத்தான் பேட்டரி காணவில்லை என்றால், பிள்ளை நன்றாகத் தெரிந்தாலும் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூத்த பிள்ளையின் பிப்பை அடுத்ததுக்குக் கட்டலாமா?

தாராளமாக. பட்டனைப் பத்து தடவை இழுத்துப் பாருங்கள், வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஓட்டை தேடுங்கள், சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். மூன்றிலும் தேறியதைக் கொதிநீரில் போட்டு எடுத்து வெயிலில் காயவையுங்கள். தேறாததை நாலாக வெட்டித் தாடை ஒற்றும் துணியாக வைத்துக்கொள்ளலாம். பட்டனை மட்டும் முதலில் வெட்டி எறிந்துவிடுங்கள்.